சிங்கங்களுக்கு வாய்த்த குட்டிகள்

அமெரிக்கக் கால்பந்தில் தோற்றே பழகிய டெட்ராய்ட் அணி, ஊரே சிரித்த தேர்வுகளால் தலைநிமிர்ந்தது. ரசிகர்களுக்கு இப்போது வேறு கவலை.

மைதானம் இல்லை. பந்து இல்லை. ஆட்டமும் இல்லை. ஒருவர் மேடையேறி, கையில் உள்ள சீட்டைப் பார்த்து ஒரு பெயரைப் படிக்கிறார், அவ்வளவுதான். இதற்காக 2024 ஏப்ரல் 25 முதல் 27 வரை டெட்ராய்ட் நகரின் மையத்தில் கூடிய கூட்டம், மூன்று நாள் கணக்கையும் சேர்த்து, ஏழே முக்கால் லட்சத்தைத் தாண்டியது. 2020 கணக்கெடுப்பின்படி அந்த நகரத்தின் மக்கள்தொகையே 6.39 லட்சம்தான். உள்ளூர்ப் பாடகர் எமினெம் மேடைக்கு வந்தார். முதல் இரவில் 24வது பெயராக அலபாமா பல்கலைக்கழகத்தின் டெரியன் ஆர்னால்ட் அழைக்கப்பட்டபோது கிளம்பிய ஆரவாரம், கோப்பையே கைக்கு வந்துவிட்டது போல இருந்தது.

கோப்பை வரவில்லை. இந்த நகரத்துக்கு அது புதிதும் அல்ல.

இங்கே பேசப்படுவது கொல்கத்தாவிலும் கோவாவிலும் ஆடும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, ஹெல்மெட்டும் கவசமும் மாட்டிக்கொண்டு, மோதி முன்னேறும் அமெரிக்க ஆட்டம். அதன் தேசிய லீகில் 32 அணிகள். கல்லூரிகளில் ஆடி முடித்த இளைஞர்களை இந்த அணிகள் ஆண்டுக்கொரு முறை பங்கு போட்டுக்கொள்வதற்குப் பெயர்தான் டிராஃப்ட். நம் ஐ.பி.எல். ஏலத்தில் பணம் பேசும். இங்கே தோல்வி பேசும். முந்தைய சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் தேர்வு, சாம்பியனுக்கு வரிசையின் கடைசி இடம். இப்படி ஏழு சுற்றுகள். ஐ.எஸ்.எல். கால்பந்திலும் 2014, 2017 ஆண்டுகளில் இது போன்ற டிராஃப்ட் நடந்தது; ஆனால் நம் ஊரில் வேர் பிடிக்கவில்லை.

தோற்றவனுக்கு முதல் பந்தி என்றால், டெட்ராய்ட் லயன்ஸ் எப்போதோ கொழுத்திருக்க வேண்டும். அந்த அணி கடைசியாக சாம்பியன் ஆனது 1957 டிசம்பரில், கிளீவ்லாண்டை 59-14 என்று நசுக்கி. சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டம் பிறந்ததே அதற்குப் பிறகுதான். அதில் லயன்ஸ் ஒரு முறைகூடக் கால் வைத்ததில்லை. 2008 சீசனில் ஆடிய 16 ஆட்டங்களிலும் தோற்று, லீகில் அதுவரை யாரும் செய்யாத சாதனையைச் செய்தது.

காரணம் கேட்டால் பழைய ரசிகர்கள் ஒரே பெயரைச் சொல்வார்கள்: மாட் மில்லன். 2001 முதல் 2008 வரை அணியை நிர்வகித்தவர். 2003ல் இரண்டாவது தேர்வாக ஒரு ரிசீவர், அதாவது ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பவர். 2004ல் ஏழாவது தேர்வு இன்னொரு ரிசீவர். 2005ல் பத்தாவது தேர்வு, மறுபடியும் ரிசீவர். வீட்டில் அரிசி இல்லாதபோது மூன்றாவது முறையும் ஊறுகாய் வாங்கி வந்த கதை. 2005ல் டெட்ராய்ட்டுக்கு அடுத்த இடத்தில் டல்லாஸ் எடுத்த டிமார்கஸ் வேர், 2023ல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார். அதே ஆண்டு 24வது இடம் வரை காத்திருந்த ஆரன் ராட்ஜர்ஸைப் பரம எதிரி கிரீன் பே கொண்டுபோனது. பிறகு பதினைந்து ஆண்டு அவர் டெட்ராய்ட்டைப் படுத்திய பாடு தனிக் கதை. மில்லனை நீக்கச் சொல்லும் அட்டைகள் மைதானமெங்கும் முளைத்தன. நல்லவர்கள் கிடைத்தபோதும் தங்கவில்லை. பாரி சாண்டர்ஸ் 1999ல் ஒரு ஃபாக்ஸ் அனுப்பிவிட்டு ஓய்வு பெற்றார். கால்வின் ஜான்சன் ஒன்பதே ஆண்டில் போதும் என்று 2016ல் கிளம்பினார்.

ஆகவே 2021 ஜனவரியில் பிராட் ஹோம்ஸ் பொது மேலாளராகவும், டான் கேம்ப்பெல் பயிற்சியாளராகவும் வந்தபோது யாரும் மேளம் கொட்டவில்லை. ஹோம்ஸின் முதல் பெரிய காரியமே வயிற்றெரிச்சல். பன்னிரண்டு ஆண்டு ஆடிய குவார்ட்டர்பேக் மாத்யூ ஸ்டாஃபோர்டை லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குக் கொடுத்துவிட்டு, அவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய ஜாரெட் காஃபையும் மூன்று டிராஃப்ட் தேர்வுகளையும் வாங்கினார். அதில் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகள். மறு ஆண்டே ஸ்டாஃபோர்ட் அங்கே சூப்பர் பவுலை வென்றார். டெட்ராய்ட்டிலும் கை தட்டினார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

2021 டிராஃப்டில் ஹோம்ஸின் முதல் தேர்வு, ஏழாவது இடத்தில், அமெரிக்க சமோவாவில் பிறந்த பெனே சூவல். குவார்ட்டர்பேக்கைக் காத்து நிற்கும் மதில்சுவர்; டி.வி.யில் பெயர் அடிபடாத வேலை. அந்தத் தேர்வு கைக்கு வந்ததும் ஹோம்ஸ் அலுவலக அறையில் குதித்துக் கத்திய வீடியோவைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. இன்று அந்த இடத்தில் ஆடுபவர்களில் சூவலுக்கு ஈடு சொல்ல யோசிக்க வேண்டும். அதே டிராஃப்டில் நான்காவது சுற்றில், 112வது ஆளாக வந்தவர் அமோன்-ரா செயின்ட் பிரவுன். அவருக்கு முன்னால் 16 ரிசீவர்கள் எடுக்கப்பட்டுவிட்டார்கள். அந்த 16 பேரின் பெயரையும் அவர் வரிசையாக ஒப்பிப்பார். மறக்கவில்லை, மறக்க விரும்பவுமில்லை. 2023 சீசனில் அவர் பிடித்த பந்துகள் 119.

2022ல் இரண்டாவது தேர்வாக ஐடன் ஹட்சின்சன். மிச்சிகனிலேயே வளர்ந்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆடிய பையன். எதிரணிக் குவார்ட்டர்பேக்கை விரட்டிப் பிடிப்பது தொழில். முதல் தேர்வு கையில் இருந்த ஜாக்சன்வில் இவரை விட்டதே என்று டெட்ராய்ட் இன்றும் நன்றி சொல்கிறது. அதே ஆண்டு 97வது ஆளாக வந்த கெர்பி ஜோசப் 2024 சீசனில் ஒன்பது இன்டர்செப்ஷன், லீகிலேயே அதிகம்.

உண்மையான கூத்து 2023ல்தான். ராம்ஸிடமிருந்து வந்த ஆறாவது தேர்வை ஹோம்ஸ் அரிசோனாவுக்குத் தள்ளிவிட்டு 12வது இடத்துக்கு இறங்கினார். கூடவே 34வது தேர்வும் கிடைத்தது. பன்னிரண்டில் எடுத்தது ஜாமிர் கிப்ஸ் என்ற ரன்னிங் பேக். பதினெட்டில் எடுத்தது ஜாக் கேம்ப்பெல் என்ற லைன்பேக்கர் (பயிற்சியாளருக்கு உறவில்லை). நிபுணர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சந்தை விலை இருக்கிறது. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக் அடி வாங்கியே சீக்கிரம் தேய்ந்துபோவார், அவரை மூன்றாவது சுற்றில் மலிவாகப் பிடிக்கலாம் என்பது வேதவாக்கு. நடுவில் நிற்கும் லைன்பேக்கரும் அதே ஜாதி. முதல் சுற்றிலேயே இரண்டு மலிவுச் சரக்கை விலை கொடுத்து வாங்கிய அணி என்று மார்க் குறைத்தார்கள். மில்லன் காலத்தைப் பார்த்த ரசிகர்களுக்கு வயிற்றைக் கலக்கியது.

பிறகு 34ல் டைட் எண்ட் சாம் லபோர்ட்டா, 45ல் தடுப்பாட்டக்காரர் பிரையன் பிராஞ்ச். சீசனின் முதல் ஆட்டமே நடப்பு சாம்பியன் கன்சாஸ் சிட்டியுடன், அவர்கள் ஊரில். பிராஞ்ச் தன் முதல் ஆட்டத்திலேயே பந்தைப் பறித்து 50 கஜம் ஓடி டச்டவுன் அடித்தார், டெட்ராய்ட் 21-20. லபோர்ட்டா அந்த சீசனில் பிடித்த 86 பந்துகள், புதுமுக டைட் எண்டுகளில் அன்றைய லீக் சாதனை. கிப்ஸ் 2024 சீசனில் 20 டச்டவுன். ஜாக் கேம்ப்பெல் தடுப்பாட்டத்தின் நடுத்தூண் ஆனார். அழுதுகொண்டே ஸ்டாஃபோர்டைக் கொடுத்ததற்கு வந்த வட்டிதான் கிப்ஸும் லபோர்ட்டாவும் என்று ரசிகர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 2024 ஜனவரியில் அந்த ஸ்டாஃபோர்டே ராம்ஸுடன் டெட்ராய்ட் வந்தார். லயன்ஸ் 24-23 என்று வென்றது. 32 ஆண்டுகளில் முதல் பிளேஆஃப் வெற்றி.

விலைப்பட்டியலைப் பார்க்காமல் ஆளைப் பார்த்து எடுத்ததுதான் ஹோம்ஸின் கெட்டிக்காரத்தனம். அடிபட்டாலும் எழுந்து ஆடுகிறவன், பயிற்சிக்கு முதல் ஆளாய் வருகிறவன் வேண்டும் என்பது அவர் கொள்கை. எல்லாம் பலித்ததா என்றால் இல்லை. 2023ல் மூன்றாவது சுற்றில் எடுத்த குவார்ட்டர்பேக் ஹெண்டன் ஹூக்கரை இரண்டே ஆண்டில் விடுவித்தார்கள். முழங்கால் காயத்தோடு இருந்த ஜேம்சன் வில்லியம்ஸை 2022ல் 12வது இடத்துக்கு ஏறிப்போய் எடுத்தார்கள். அவர் சூதாட்ட விதிகளை மீறித் தடை வாங்கி, பிறகுதான் தேறினார். இன்னொரு முள்ளும் உண்டு. ஆறாவது தேர்வை விட்டு இறங்கிய அந்த 2023ல், ஒன்பதாவது இடத்தில் பிலடெல்பியா எடுத்தது ஜாலன் கார்ட்டர் என்ற முரட்டு முன்வரிசை வீரரை. 2025 பிப்ரவரியில் சூப்பர் பவுல் வென்றது பிலடெல்பியா. டெட்ராய்ட்டின் முன்வரிசையோ, 2024 அக்டோபரில் டல்லாஸ் மைதானத்தில் ஹட்சின்சனின் கால் எலும்பு முறிந்த நாளிலிருந்து பல் போன சிங்கமாக இருந்தது. கிப்ஸின் மீது உயிரை வைத்திருக்கும் ரசிகர்கூட, கார்ட்டரும் ஹட்சின்சனும் ஒரே வரிசையில் நின்றிருந்தால் என்று ஒரு நிமிடம் யோசிக்கத்தான் செய்வார்.

வெற்றிகள் வந்தன, முடிவு மட்டும் பழையபடி. 2024 ஜனவரி 28ல் சூப்பர் பவுலுக்கு ஒரே படி கீழே, சான் ஃபிரான்சிஸ்கோ அணிக்கு எதிராகப் பாதி ஆட்டத்தில் 24-7 என்று முன்னிலை. பிற்பாதியில் கிப்ஸின் கைக்கு வந்த பந்து நழுவியது, கேம்ப்பெல் இரண்டு முறை ஃபீல்ட் கோலை மறுத்துச் சூதாடினார், 34-31 தோல்வி. அடுத்த சீசனில் 15 வெற்றி, இரண்டே தோல்வி. சொந்த மைதானத்தில் வாஷிங்டன் வந்து 45-31 என்று முடித்துவைத்தது. அந்த அணியின் குவார்ட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸ், 2024 டிராஃப்டின் இரண்டாவது தேர்வு. தோற்றவனுக்கு முதல் பந்தி என்ற விதி டெட்ராய்ட்டுக்கு மட்டுமா எழுதியிருக்கிறது?

இங்கேதான் ரசிகர்களின் புதுக் கவலை தொடங்குகிறது. டிராஃப்டில் வரும் பையனின் முதல் ஒப்பந்தம் நான்காண்டு; சம்பளமும் தேர்வு எண்ணுக்கு ஏற்பக் கட்டுப்படுத்தப்பட்டது. செயின்ட் பிரவுன் தன் முதல் நான்காண்டு ஒப்பந்தத்துக்குப் பேசியது 50 லட்சம் டாலருக்கும் குறைவு. 2024ல் அவர் கையெழுத்திட்ட புது ஒப்பந்தம் நான்காண்டுக்கு 12 கோடி டாலர். சூவலுக்கு 11.2 கோடி. காஃபுக்கு 21.2 கோடி. 2025 அக்டோபரில் ஹட்சின்சனுக்கு 18 கோடி. ஒவ்வொரு அணியும் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைத்திருக்கும் உச்சவரம்பு 2025ல் 27.92 கோடி. இந்த நால்வரின் ஆண்டு சராசரியைக் கூட்டினால் மட்டுமே 15.6 கோடி. கணக்கில் அதை ஆண்டுகளுக்கு மாற்றிப் போட்டுச் சமாளிக்கலாம், ஆனால் கடன் கடன்தான். கிப்ஸ், லபோர்ட்டா, பிராஞ்ச், ஜாக் கேம்ப்பெல் நால்வரும் ஒரே ஆண்டில் வந்தவர்கள். ஒரே சமயத்தில் கை நீட்டுவார்கள். வெற்றி பெற்ற அணிக்கு டிராஃப்ட் வரிசையிலும் பின்வரிசை. 2021ல் ஏழு, 2022ல் இரண்டு என்றிருந்த இடம், 2025ல் 28.

அந்த 28ல் எடுத்த டைலீக் வில்லியம்ஸ், முன்வரிசையை அடைக்கக் கனத்த ஆள். இரண்டாம் சுற்றில் டேட் ராட்லெட்ஜ், தாக்குதல் வரிசைக்கு. அந்த வரிசையின் நடுநாயகம் ஃபிராங்க் ராக்னோ 2025 ஜூனில் காயங்களால் ஓய்வு அறிவித்தபோது அந்தத் தேர்வின் அருமை தெரிந்தது. புதுப்பையன் நல்லவனா என்று கேட்பதை ரசிகர்கள் விட்டுவிட்டார்கள். நாளைக்கு யாருக்குச் சம்பளம் கொடுக்க முடியாதோ, அவர் இடத்தில் இவன் நிற்பானா என்பதே கேள்வி.

மூன்றாம் சுற்றில் ஹோம்ஸ் மறுபடியும் விலைப்பட்டியலைக் கிழித்தார். 102வது தேர்வோடு 2026ன் இரண்டு மூன்றாம் சுற்றுத் தேர்வுகளையும் கொடுத்து 70வது இடத்துக்கு ஏறினார், ஐசக் டெஸ்லா என்ற ரிசீவருக்காக. மோட்டார் நகரத்துக்கு வந்திருந்தாலும் அந்தக் காருக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. மிச்சிகனின் ஹட்சன்வில் ஊர்க்காரர், சிறுவயதிலிருந்தே லயன்ஸ் ரசிகர், ஹில்ஸ்டேல் என்ற சின்னக் கல்லூரியில் ஆடிவிட்டு அர்கன்சாஸ் போனவர். ரிசீவர் என்றதும் பழைய ஞாபகம் வந்து பயந்தவர்கள், பையனின் ஊரைக் கேட்டதும் கொஞ்சம் இளகினார்கள். 2025 செப்டம்பர் 7, முதல் ஆட்டம் கிரீன் பேயில். ஆட்டம் கைவிட்டுப் போன கடைசி நேரத்தில், எல்லைக்கோட்டருகே காற்றில் எம்பி ஒற்றைக் கையால் ஒரு டச்டவுன் பிடித்தார் டெஸ்லா. மறுநாள் டெட்ராய்ட்டில் பேச்செல்லாம் அந்தக் கேட்ச்சைப் பற்றித்தான். ஸ்கோர் 27-13, தோல்வி.

அந்த சீசன் 9 வெற்றி, 8 தோல்வி என்று முடிந்தது, பிளேஆஃப் இல்லை. டிராஃப்ட் வரிசையில் சில இடம் முன்னே நகர்ந்ததுதான் மிச்சம். மூன்றாம் சுற்றுக்கு வைத்திருந்த சீட்டுகளோ ஏற்கெனவே டெஸ்லாவுக்காகக் கைமாறிவிட்டன.