சிறுவர் வாட்டில் கோமாளிக்கு என்ன வேலை?

நோயாளியை நலம் விசாரிக்கப் போவதில் நம் ஊர் மக்கள் குறை வைப்பதில்லை. உக்குவளையில் ஒருவர் விழுந்து காலை முறித்துக்கொண்டால், அன்று பார்வையாளர் நேரத்துக்கே மாத்தளை மாவட்ட வைத்தியசாலை வாசலில் கொங்காவெலயிலிருந்தும் வரக்காமுறையிலிருந்தும் ஆட்கள் வந்து நிற்பார்கள். ஆனால் கட்டிலில் படுத்திருப்பது ஆறு வயதுப் பிள்ளை என்றால் என்ன செய்வதென்று நமக்குத் தெரிவதில்லை. உம்மாவிடம் "டொக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்கிறோம். பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு பிஸ்கட் பக்கற்றை வைக்கிறோம். பேச்சு முழுவதும் பிள்ளையின் தலைக்கு மேலாகவே போகிறது.

ஆரம்பப் பிரிவில் பல வருடங்களாகப் படிப்பிக்கிறேன். ஒரு வாரம் வாட்டில் இருந்துவிட்டு வகுப்புக்குத் திரும்பிய ஒரு பிள்ளையிடம், "அங்கே என்ன கஷ்டமாக இருந்தது?" என்று கேட்டேன். ஊசி என்று சொல்வான் என எதிர்பார்த்தேன். "எனக்கிட்ட ஒத்தரும் கேக்கல்ல டீச்சர்" என்றான். ஊசி போடும்போதும், உடுப்பை மாற்றும்போதும், இரவில் எழுப்பி உஷ்ணம் பார்க்கும்போதும் அவனிடம் எவரும் எதையும் கேட்கவில்லை. இதில் தாதிமாரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐம்பது பிள்ளைகளுக்கு நடுவே இரண்டு பேர் ஓடித் திரியும் வாட்டில் அனுமதி கேட்டுக்கொண்டிருக்க நேரம் ஏது?

உலகில் பல நாடுகளில் இந்த இடைவெளிக்குள் வந்து நிற்பவர்தான் கோமாளி வைத்தியர். சிவப்பு மூக்கு வைத்து, மருத்துவ அங்கி போன்ற ஒன்றை உடுத்திக்கொண்டு, நோயுற்ற பிள்ளைகளின் கட்டிலுக்குக் கட்டில் போகிறவர். உண்மையான வைத்தியர் அல்ல, மருந்து எதுவும் கொடுப்பதில்லை. பெயரைக் கேட்டவுடன் பிறந்தநாள் வைபவத்துக்கு வரும் ஜோக்கர் நினைவுக்கு வரும். ஆனால் வேலை முறையில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பிறந்தநாள் ஜோக்கர் எல்லோரையும் சிரிக்க வைத்தே ஆக வேண்டும். கோமாளி வைத்தியரோ வாட்டுக் கதவடியிலேயே நின்று, "உள்ளே வரட்டுமா?" என்று பிள்ளையிடம் கேட்கிறார். வேண்டாம் என்று தலையசைத்தால் போய்விடுகிறார். கதவில் முட்டிக்கொண்டு, தன் சப்பாத்தைத் தானே மிதித்துக்கொண்டு போவார், அது வேறு விடயம். பிள்ளை "போ" என்று சொன்னால் உண்மையாகவே போய்விடும் ஆள் அந்தக் கட்டிடத்தில் அவர் ஒருவர்தான். வைத்தியரைப் போகச் சொல்ல முடியாது, தாதியைச் சொல்ல முடியாது, ஊசியையும் சொல்ல முடியாது. துரத்திவிட்ட பிள்ளைகளில் சிலர் அடுத்த முறை தாங்களாகவே கூப்பிடுவார்கள்.

இதை ஒழுங்கான வேலையாக்கியவர்களில் முக்கியமானவர் நியூயோர்க்கின் பிக் ஆப்பிள் சர்க்கஸைச் சேர்ந்த மைக்கேல் கிறிஸ்டென்சன். தன் சகோதரரைப் புற்றுநோயில் இழந்த அடுத்த வருடம், 1986 இல், அங்குள்ள சிறுவர் வைத்தியசாலை ஒன்றில் நிகழ்ச்சி செய்யப் போனார். அதிலிருந்து 'கிளவுன் கெயார்' பிரிவு பிறந்தது. அதே வருடத்தில் கனடாவின் வின்னிபெக் நகரச் சிறுவர் வைத்தியசாலையில் கரன் ரிட் என்ற பெண்மணியும் இந்த வேலையைத் தொடங்கினார். பெட்ச் அடம்ஸ் பற்றி 1998 இல் வந்த திரைப்படத்தைப் பார்த்தவர்கள் இவை எல்லாம் அவரிடமிருந்து வந்தவை என்று நினைப்பதுண்டு. அவர் கோமாளி வேடம் போட்ட உண்மையான வைத்தியர். கிறிஸ்டென்சன் சர்க்கஸ் கலைஞர்.

சரி, பலன் உண்டா? 2020 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை ஒன்றில் 24 ஆய்வுகளைத் திரட்டி ஒரு மீளாய்வு வெளியானது. 1612 பிள்ளைகள் சம்பந்தப்பட்டவை அவை. மருத்துவ நடைமுறைகளின்போது கோமாளி உடனிருந்த பிள்ளைகளுக்குப் பதற்றம் குறைவாக இருந்தது. வலி விடயத்தில் முடிவுகள் ஒரே மாதிரி வரவில்லை. அதற்கு முன் 2005 இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்த 40 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பெற்றாரோடு கோமாளியும் மயக்க மருந்து அறைக்குள் வந்த பிள்ளைகளின் பயம், பெற்றார் மட்டும் வந்த பிள்ளைகளின் பயத்தைவிடக் குறைவாக இருந்தது. ஆனால் கோமாளிகள் தங்கள் வேலைக்கு இடைஞ்சல் என்று சத்திரசிகிச்சைக் கூட ஊழியர்களில் பலர் சொன்னார்கள். ஆர்வத்தோடு புறப்படுகிறவர்கள் இந்த இரண்டாவது செய்தியைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

நம் பக்கத்து நாட்டில் இதைச் செய்கிறவர்கள் பெரும் பணக்காரர்கள் அல்லர். டெல்லியில் சமூக மானிடவியல் படித்த ஷீத்தல் அகர்வால் 2016 இல் 'கிளவுன்செலர்ஸ்' என்ற குழுவைத் தொடங்கினார். அங்குள்ள சாச்சா நேரு அரச சிறுவர் வைத்தியசாலைக்குத் தொண்டர்களை அழைத்துப் போனார். தமிழ்நாட்டில் சென்னையின் 'தி லிட்டில் தியேட்டர்' என்ற சிறுவர் நாடகக் குழு எழும்பூர் அரச குழந்தைகள் வைத்தியசாலைக்குக் கோமாளிகளை அனுப்பியிருக்கிறது. அதை முன்நின்று நடத்தியவர்களில் ரோகிணி ராவ் என்ற வைத்தியரும் ஒருவர். இவர் பாய்மரப் படகோட்டத்தில் இந்தியாவுக்காகப் போட்டியிட்டவர். ஆரோவில்லில் ஃபிஃப் பெர்னாண்டஸும் ஹேமிஷ் பொய்டும் இதற்கென்றே ஒரு பயிற்சிக் கூடத்தை நடத்தியிருக்கிறார்கள்.

தலைமை ஏற்கிறவர் மூக்கு மாட்டியே ஆக வேண்டும் என்பதுமில்லை. சுவிட்சர்லாந்தின் தியோடோரா மன்றத்தை 1993 இல் தொடங்கிய ஆந்த்ரே, யான் பூலி சகோதரர்களில் ஆந்த்ரே சிறுவயதில் புல்வெட்டும் இயந்திரத்தில் கால் சிக்கி நீண்ட நாள் வைத்தியசாலையில் கிடந்தவர். தினமும் வந்து பார்த்த தாயின் பெயர்தான் தியோடோரா. பிள்ளைகளிடம் போவதற்கு அவர்கள் பயிற்சி பெற்ற கலைஞர்களை அமர்த்தினார்கள். நிதி, அனுமதி, கணக்கு ஆகியவற்றைத் தாங்கள் பார்த்தார்கள்.

உண்மையில் கஷ்டமான பகுதி அதுதான். யார் வரலாம், யார் வரக்கூடாது என்று தீர்மானிக்க வேண்டும். தடுமல் உள்ள தொண்டரை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும், அவர் எவ்வளவு பாசக்காரராக இருந்தாலும். ஒவ்வொரு கட்டிலுக்கும் இடையில் கை கழுவ வேண்டும். உள்ளே போகுமுன் பொறுப்புத் தாதியிடம் இன்று யாருக்கு ஒப்பரேஷன், யாருக்குத் தொற்று, யாருடைய குடும்பத்துக்குக் கெட்ட செய்தி சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்டது வெளியே போகக்கூடாது. தின்பண்டம் கொடுக்கவே கூடாது. ஒப்பரேஷனுக்காக வெறும் வயிற்றில் வைத்திருக்கும் பிள்ளைக்கு ஒரு டொபி கொடுத்தால் அந்த ஒப்பரேஷனே தள்ளிப்போகும். சாதாரண இறப்பர் பலூனும் கவனம், ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். பெரும்பாலும் இருவராகப் போவார்கள். இரண்டு கோமாளிகள் தங்களுக்குள்ளேயே சண்டை பிடித்தால் பிள்ளை சும்மா படுத்தபடி பார்த்துக்கொண்டிருக்கலாம், பதில் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. முகம் முழுக்க வெள்ளைப் பூச்சும் வேண்டாம். பிரித்தானியாவின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகம் 2008 இல் 250 இற்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் வாட்டுச் சுவர் அலங்காரம் பற்றிக் கேட்டபோது, கோமாளிப் படங்கள் பிடிக்கவில்லை என்ற பதில்தான் கிடைத்தது.

படம் எடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்தில் ஒரு குழு சிறுவர் வாட்டுக்கு விளையாட்டுப் பொருள் கொண்டுபோனபோது நானும் உடனிருந்தேன். பொம்மையைப் பிள்ளையின் கையில் கொடுத்து, கமராவைப் பார்க்கச் சொல்லி, படம் சரியாக வராததால் திரும்ப வாங்கி மீண்டும் கொடுத்தார்கள். கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்த பிள்ளை. அன்றிரவு முகநூலில் 'மாஷா அல்லாஹ்' குவிந்தது. கோமாளிக் குழுவின் தலைவர் தன் ஆட்களுக்குச் சொல்லவேண்டிய முதல் சொல் "போனை வீட்டில் வையுங்கள்" என்பதாகத்தான் இருக்கும்.

கோமாளித்தனம் மார்க்கத்துக்கு ஒத்துவருமா என்று கேட்பவர்கள் உண்டு. ஃபத்வா சொல்வது என் வேலையல்ல, உலமாக்கள் இருக்கிறார்கள். ஆனால் அனஸ் (ரலி) அவர்களின் சின்னத் தம்பி அபூ உமைர் வளர்த்த சிறு பறவையைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் அந்தப் பிள்ளையிடமே விசாரித்தது நாம் எல்லோரும் அறிந்த ஹதீஸ். பக்கத்தில் பெரியவர்கள் இருக்க, கேள்வி பிள்ளையிடம் போனது. பொய்யைப் பற்றிக் கேட்டால், இந்த வேலையில் நல்ல பயிற்சி பெற்றவர்கள் "வலிக்காது" என்று பிள்ளையிடம் சொல்வதில்லை. அந்தப் பொய்யைச் சொல்வது பெரும்பாலும் நாம்தான்.

சிரியாவின் அலெப்போவில் முற்றுகைக்குள் சிக்கிய பிள்ளைகளுக்காகக் கோமாளி வேடம் போட்டவர் அனஸ் அல் பாஷா. 24 வயது. 'ஸ்பேஸ் ஃபோர் ஹோப்' என்ற தொண்டு நிறுவனத்தின் பணிகளை அங்கு முன்நின்று நடத்தினார். வெளியேற வாய்ப்பிருந்தும் தங்கிவிட்டார். 2016 நவம்பர் கடைசியில் நடந்த தாக்குதலில் ஷஹீதானார். அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக.

மாத்தளையில் இதற்கு ஒரு தனிக் காரணமும் இருக்கிறது. நம் வாட்டுகளில் ரத்தோட்டைத் தோட்டப் பிள்ளையும், கலேவெல சிங்களப் பிள்ளையும், நம் பிள்ளையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் படுத்திருக்கிறார்கள். ஊழியர்களில் பெரும்பாலோர் சிங்களம் பேசுபவர்கள். நிலைமை கொஞ்சம் கடுமையானால் பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். மொழி தெரியாத உம்மாவும், ஒன்றும் விளங்காத பிள்ளையும் அங்கே போய் உட்கார்ந்திருப்பார்கள். தொப்பியைத் தேடி அலையும் கோமாளியின் தலையில்தான் தொப்பி இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள எந்த மொழியும் தேவையில்லை. மூன்று கட்டிலிலும் ஒரே நேரத்தில் சிரிப்பு வரும்.

தொடங்க நினைக்கும் ஆசிரியர்களும் இளைஞர்களும் முதலில் மூக்கு வாங்கப் போகாதீர்கள். வைத்தியசாலைப் பணிப்பாளருக்கும் சிறுவர் வைத்திய நிபுணருக்கும் எழுதி, எந்த வாட்டில், எந்த நேரத்தில் இடைஞ்சல் இல்லாமல் வரலாம் என்று கேளுங்கள். நாடகம் தெரிந்த இருவரைத் தேடுங்கள், ஒருவருக்குச் சிங்களம் சரளமாக வந்தால் நல்லது. சில மாதங்கள் பயிற்சி எடுங்கள். பிறகு கிழமைக்கு ஒரு நாள், ஒரே நாள், தவறாமல். ஒருமுறை மட்டும் ஊர்வலமாக வந்து போவதைவிட வராமலே இருக்கலாம், ஏனெனில் அடுத்த வாரம் பிள்ளைகள் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கிறிஸ்டென்சனின் சர்க்கஸ் 2016 இல் வங்குரோத்தானபோது அதன் கோமாளிகள் வாட்டுகளை விட்டுவிடவில்லை. அடுத்த வருடம் 'ஹெல்தி ஹியூமர்' என்ற தனி அமைப்பாகச் சேர்ந்து தொடர்ந்து போனார்கள்.