காட்டுக்குள் ஒரு குழுப் பயணம்: கடைக்காரர் அறிய வேண்டியவை



வருடம் முழுவதும் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நமக்கு வெளியூர்ப் பயணம் என்றால் கொள்முதலுக்குப் போவதும், கோயிலுக்குப் போவதும்தான். இப்போது சில சங்கங்கள் குடும்பத்தோடும் நண்பர்களோடும் குழுவாகச் சுற்றுலா செல்கின்றன. 'ஆப்பிரிக்கா சஃபாரி' என்று பயண நிறுவனங்கள் தரும் வண்ணப் பிரசுரங்களையும் நம்மில் பலர் பார்த்திருப்போம். அது என்ன, அதற்கு ஈடானது நம் பக்கத்தில் உண்டா, அதற்கும் நம் கடைச் சரக்குக்கும் என்ன தொடர்பு என்பதை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

ஆப்பிரிக்க சஃபாரி என்பது என்ன?

கென்யாவில் மசாய் மாரா, தான்சானியாவில் செரங்கெட்டி, கோரங்கோரோ ஆகியவை பேர்பெற்ற வனவிலங்குப் பகுதிகள். செரங்கெட்டி தேசியப் பூங்கா மட்டும் 14,763 சதுர கிலோமீட்டர். முன்பின் தெரியாத பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு வண்டியில் சேர்ந்து புறப்படுவார்கள். கூடாரம், சமையல் பாத்திரம், அரிசி பருப்பு எல்லாம் அதே வண்டியில் வரும். மாலையில் கூடாரம் அடிப்பது, தண்ணீர் எடுப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாமே முறை வைத்து நடக்கும். விடுதியில் தங்குவதைவிடச் செலவு குறைவு என்பதால் இந்த முறை அங்கே பரவலாக உள்ளது.

போக விரும்புவோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கென்யாவுக்குச் சென்று இந்தியா திரும்புவோரிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இருக்க வேண்டும். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்பே ஊசி போட்டிருக்க வேண்டும். சான்று இல்லாமல் வந்தால் விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்தி விடுவார்கள். மலேரியாத் தடுப்பு மாத்திரைக்கு மருத்துவரைக் கேட்க வேண்டும்.

அது நீண்ட பயணம், பெரிய செலவு. நமக்கு ஒரு பகல் பயணத் தொலைவில், கூடாரத்தில் தங்கிக் காட்டைப் பார்க்கும் வசதி தேக்கடியில் இருக்கிறது.

நமக்குப் பழக்கமான காடு

தேக்கடி என்று நாம் சொல்வது பெரியாறு புலிகள் காப்பகத்தின் வாசல். 1895-ல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிந்ததும் காட்டுப் பள்ளத்தாக்கில் நீர் நிறைந்து ஏரி உண்டானது. அன்று மூழ்கிய மரங்களின் கட்டைகள் இன்றும் நீரில் நிற்கின்றன. திருவிதாங்கூர் அரசு 1934-ல் அதனைச் சுற்றியுள்ள காட்டைப் பாதுகாத்த பகுதியாக்கியது. 1956 நவம்பர் 1 வரை நம் மாவட்டமும் அதே திருவிதாங்கூரோடு இருந்ததால் ஒரு காலத்தில் அது நமது அரசின் காடுதான். 1978-ல் புலிகள் காப்பகம் ஆயிற்று. இப்போதைய பரப்பு 925 சதுர கிலோமீட்டர்.

இன்னொரு விதத்திலும் அது நமக்குப் பழக்கமானதே. சபரிமலை இந்தக் காப்பகத்துக்குள்தான் இருக்கிறது. எருமேலியிலிருந்து அழுதை, கரிமலை வழியாகப் பெரிய பாதையில் நடந்தவர்கள் புலி உலவும் காட்டில் இரவு தங்கி வந்தவர்களே. குருசாமி சொன்னால் நிற்பது, சொன்னால் நடப்பது, ஒருவர் பின் ஒருவராகச் செல்வது, இருப்பதைப் பங்கிட்டுச் சாப்பிடுவது என்று மாலை போட்ட ஒவ்வொருவரும் பழகிய ஒழுங்குதான் காட்டில் குழுவாகத் தங்குவதற்கும் வேண்டும். புதிதாகக் கற்க அதிகம் இல்லை.

புலித்தடப் பயணம்

1998-ல் பெரியாறு வனத்துறை 'புலித்தடம்' என்ற நடைப் பயணத்தைத் தொடங்கியது. ஐந்தாறு பேருக்கு மேல் ஒரு குழுவில் சேர்ப்பதில்லை. உடன் வழிகாட்டிகளும் துப்பாக்கி ஏந்திய வனக்காவலர் ஒருவரும் வருவார்கள். பகலில் நடை, இரவில் காட்டுக்குள் கூடாரம். சமையல் வழிகாட்டிகளுடையது. ஒரு இரவு, இரண்டு இரவு என இரு வகை உண்டு.

ஆப்பிரிக்கப் புல்வெளியில் வண்டியில் இருந்தபடியே நூறு மிருகங்களைப் பார்க்கலாம். இங்கே அடர்ந்த காடு. யானையும் காட்டு மாடும் மிளாவும் பெரும்பாலும் கண்ணில் படும். செந்நாயும் நீர்நாயும் சிலசமயம் தெரியும். மரத்தின் மேலே கருமந்தி, மலை அணில், இருவாச்சி இருக்கும். புலியைப் பார்ப்பது அபூர்வம். அதன் கால் தடத்தையும், மரத்தில் நகம் கீறிய அடையாளத்தையும் வழிகாட்டி காட்டுவார். 'புலியைப் பார்க்கவில்லையே, கொடுத்த பணம் வீண்' என்று எண்ணுகிறவர்கள் போகாமலிருப்பதே நல்லது.

இவ்வளவு துல்லியமாகத் தடம் காட்டும் அந்த வழிகாட்டிகள் யார்? இங்கேதான் நம் வியாபாரம் வருகிறது.

பட்டை உரித்தவர்கள்

இப்பயணத்தைத் தொடங்கியபோது வழிகாட்டிகளாகச் சேர்ந்த இருபதுக்கும் மேற்பட்டோர், அதற்கு முன் அதே காட்டில் திருட்டுத்தனமாக வயணப் பட்டை உரித்து விற்றவர்கள். வயணை என்றால் நம்மில் பலருக்குத் தெரியாது. தெரளி என்றால் தெரியும். திருக்கார்த்திகைக்குத் தெரளிக் கொழுக்கட்டை அவிக்க வடசேரிச் சந்தையில் கட்டுக் கட்டாக வாங்குகிறோமே, அந்த இலையின் மரம். கறுவாவின் இனம். அதனால்தான் அதன் பட்டைக்கும் மணம் உண்டு, மசாலாச் சரக்கில் விலையும் உண்டு.

இலையைப் பறித்தால் மரம் மீண்டும் தளிர்க்கும். பட்டையைச் சுற்றிலும் உரித்தால் பிழைக்காது. இலை சமைத்த உணவு பட்டையின் உட்புறம் வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. அந்த வழி அறுந்ததும் வேர் பட்டினி கிடந்து, மரம் நின்றபடியே காய்ந்து போகும். தோட்டத்தில் கறுவா வளர்ப்பவர்கள் கிளைகளை வெட்டிப் பட்டை எடுத்து, அடிக்கட்டையை மறுபடி துளிர்க்க விடுகிறார்கள். திருடுகிறவனுக்கு அந்தப் பொறுமை இல்லை. நாட்கணக்கில் காட்டில் ஒளிந்து, மரம் மரமாக உரித்து, காய வைத்துச் சுமந்து இறங்குவார்கள். பிடிபட்டால் வழக்கு, சிறை. வெளியே வந்தால் மீண்டும் காடு.

வனத்துறை அவர்களோடு பேசி வேறு வழி கண்டது. காட்டின் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தவர்கள் என்பதால் அவர்களையே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஆக்கியது. பயணிகள் கட்டும் பணத்திலிருந்து ஊதியம் வந்தது. தங்கள் பழைய தோழர்களின் வழிகளையும் மறைவிடங்களையும் அவர்களே காட்டிக் கொடுத்தார்கள். நம்முடைய பயணக் கட்டணம் காட்டுக்குக் காவல் கூலியாகவும் ஆகிறது என்பதே இதன் பொருள். கென்யாவிலும் மசாய் மாராவை ஒட்டிய நிலங்களை மசாய் குடும்பங்களிடமிருந்து குத்தகைக்கு எடுத்து, சுற்றுலா வருமானத்தில் அவர்களுக்குப் பணம் தருகிறார்கள். காட்டோரம் வாழ்கிறவனுக்குக் காட்டால் வருமானம் கிடைத்தால் அவன் அதைக் காப்பான். இரண்டு இடத்திலும் கணக்கு ஒன்றே.

ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. உரித்த பட்டையை வாங்கியது யார்? காட்டில் யாரும் அதை எடைபோட்டுக் காசு தருவதில்லை. மலையடிவாரத்துத் தரகர், அவரிடமிருந்து மொத்த வியாபாரி, அங்கிருந்து சில்லறைக் கடை என்று வழக்கமான வழியில்தான் அது வந்திருக்க வேண்டும். பட்டியல் இல்லாமல் சந்தை விலைக்குக் கீழே வந்த சரக்கை எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் மூட்டை அவிழ்த்தவர்கள் நம் தொழிலைச் சேர்ந்தவர்களே.

மிளகிலும் இதே கதை உண்டு. குமுளிப் பக்கத்து மன்னான் பழங்குடியினர் கொடியில் மிளகு திரளும் முன்பே வாங்கிய கடனுக்கு ஈடாக அறுவடையை விட்டுக்கொடுத்து வந்தார்கள். விலை ஏறினால் லாபம் கடன் கொடுத்தவருக்கு. 1990-களின் பிற்பகுதியில் வந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில் அவர்கள் குழுவாகச் சேர்ந்து, கடனை அடைத்து, மிளகைத் தாங்களே விற்கத் தொடங்கினார்கள். முன்பணம் கொடுப்பது வியாபாரத்தில் தவறில்லை. கொடுப்பவரும் வாங்குபவரும் பிழைக்கும்படி இருக்க வேண்டும் என்பதே அதன் தர்மம்.

குழுவாகப் போவோர் கவனத்துக்கு

1. அனுமதி இல்லாமல் காட்டில் கால் வைக்கக் கூடாது. முன்பதிவு அவசியம். மழை, காட்டுத்தீக் காலங்களில் பயணம் நிறுத்தப்படுவதுண்டு. ஆகவே தேதி குறிக்கும் முன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைப் பயணம் சென்ற குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை மறக்க முடியாது. அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வகுத்தது.

2. படகில் ஏறினால் மிதவைச் சட்டை அணிந்து, கொடுத்த இடத்தில் உட்கார வேண்டும். 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். கரையில் தெரிந்த விலங்கைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

3. வழிகாட்டிதான் குருசாமி. சங்கத் தலைவரானாலும் காட்டில் அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். சத்தம், வெற்றிலை பாக்கு, புகை, மது, செல்போன் பாட்டு எதுவும் கூடாது.

4. காக்கி, பச்சை போன்ற மங்கிய நிறத் துணி, பழகிய காலணி, டார்ச் விளக்கு, அன்றாடம் சாப்பிடும் மருந்து இவை போதும். அட்டைக்குத் தனிக் காலுறை உண்டு. வாசனைத் தைலம் வேண்டாம். கொண்டுபோகும் பிளாஸ்டிக் உறை ஒவ்வொன்றும் நம்மோடு திரும்பி வர வேண்டும்.

5. நாள் முழுக்க நடக்க முடியாதவர்களும் சிறு பிள்ளைகளும் படகுப் பயணம், குறுநடை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். நெஞ்சு வலி, மூட்டு வலி உள்ளவர்கள் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

6. பணத்துக்கு ஒருவரே பொறுப்பாளராக இருந்து, முன்பணம் வாங்கி, செலவுக்குச் சிட்டை வைத்து, திரும்பியதும் கணக்கை ஒப்புவிக்க வேண்டும். கடை பூட்டியிருக்கும் நாட்களுக்கு வாடிக்கையாளருக்கு முன்னறிவிப்பு கொடுப்பது மரியாதை.

குமுளி வரை போக முடியாதவர்களுக்கு நம் மாவட்டத்திலேயே காடு இருக்கிறது. 402 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் 2008-ல் அறிவிக்கப்பட்டது. 2024-ல் தமிழக அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 பாதைகளில் காளிகேசம்–பாலமோர் பாதையும் ஒன்று. பதிவு செய்து, வழிகாட்டியோடு நடக்கலாம். நாம் குடிக்கும் தண்ணீரும், நாஞ்சில் நாட்டு வயலுக்குப் பாயும் தண்ணீரும் அந்த மலையிலிருந்து இறங்குவதுதான்.

திரும்பி வந்து கடை திறந்ததும்

பட்டை டப்பாவைத் திறந்து பாருங்கள். இலங்கைக் கறுவா காகிதம் போல மெல்லியது. பல சுருள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும், விரலால் ஒடியும். சீனா, வியட்நாம், இந்தோனேசியாவிலிருந்து வரும் காசியாப் பட்டை தடித்தது, ஒற்றைச் சுருள். உணவுச் சட்டத்தில் இரண்டும் தனித்தனிச் சரக்கு. ஒன்றை மற்றதன் பெயரில் விற்பது குற்றம். இரண்டிலும் சேராமல் மேல்தோலோடு சொரசொரப்பாக, சீரற்ற துண்டுகளாக, பட்டியல் இல்லாமல் விலை குறைத்து வந்தால் நிறுத்திக் கேளுங்கள். எந்த ஊர்ச் சரக்கு, யார் பட்டியல், வனப்பொருள் என்றால் வனத்துறையின் வழிச்சீட்டு எங்கே என்று கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. காட்டு மிருகத்தின் நகம், பல், கொழுப்பு என்று யாராவது கொண்டுவந்தால் கேள்விக்கே இடமில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த வியாபாரம் குற்றம்.

கிலோவுக்குச் சில ரூபாய் மிச்சம் என்று நாம் வாங்கும் ஒரு மூட்டை எத்தனை மரத்தின் உயிர் என்பதைக் காட்டில் அந்த வழிகாட்டியோடு நடந்தவர்கள் அறிவார்கள். மரத்தை உரித்தவர் கத்தியைக் கீழே போட்டுவிட்டார். அந்தச் சரக்கு நம் கல்லாவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது நம் பங்கு.