மூன்றாவது ஆளுக்காக ஒரு பாலிசி

சாலை வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பெட்ரோல் விலையும் அப்படித்தான். ஆனால் டெல்லியில் ஓடினாலும் திப்ருகரில் ஓடினாலும் ஒரு காருக்குச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் இன்ஷூரன்ஸ் ஒன்றே. அதன் பிரீமியமும் ஒன்றே. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசு அறிவிப்பின்படி, 1,000 சி.சி. வரையிலான சொந்தக் காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய். 1,500 சி.சி. வரை 3,416. அதற்கு மேல் 7,897. வரி தனி. எந்த கம்பெனியின் கதவைத் தட்டினாலும் இதில் பேரத்துக்கு இடமில்லை.

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவு வலியுறுத்தும் இந்த 'தேர்ட் பார்ட்டி' பாலிசியைப் பற்றி கார்க்காரர்கள் பலருக்கு ஒரு மயக்கம் உண்டு. முதல் நபர் வண்டியின் சொந்தக்காரர். இரண்டாவது, கம்பெனி. மூன்றாவது நபர் யாராகவும் இருக்கலாம்: சாலையைக் கடக்கும் பள்ளிச் சிறுமி, சைக்கிளில் வேலைக்குப் போகும் கொத்தனார். அவர் ஒரு பைசாகூடக் கட்டவில்லை. ஆனால் பாலிசி அவருக்காகத்தான். கார் மோதி அவர் இறந்தால், வயது, வருமானம், அவரை நம்பியிருப்போர் எண்ணிக்கை ஆகியவற்றைக் கணக்கிட்டு டிரிப்யூனல் விதிக்கும் தொகையை கம்பெனி தரவேண்டும். இதற்கு உச்சவரம்பு இல்லை. சொத்துச் சேதத்துக்கு மட்டும் 7.5 லட்ச ரூபாய் வரம்பு. மோதிய காரின் நசுங்கிய பானெட்டுக்கு? சல்லிக்காசு கிடையாது.

அதற்கு வேண்டியது 'ஓன் டேமேஜ்' பாலிசி. சட்டம் இதைக் கட்டாயமாக்கவில்லை. கட்டண நிர்ணயம் 2007 ஜனவரி 1-ல் நீங்கியதிலிருந்து பேரம் முழுக்க இங்கேதான். பிரீமியத்தைக் குறைத்துக் காட்ட ஏஜெண்டுகளுக்குத் தெரிந்த சுலபமான வழி, காரின் மதிப்பை, அதாவது ஐ.டி.வி.யை, குறைத்துப் போடுவது. சில நூறு ரூபாய் மிச்சமாகும். கார் திருடுபோனால் அந்தக் குறைந்த மதிப்புதான் கைக்கு வரும். விபத்தில் உடைந்த பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு சாதாரண பாலிசியில் பாதி விலைதான் கிடைக்கும். கண்ணாடிக்கு இந்தப் பிடித்தம் இல்லை. 'நோ கிளைம் போனஸ்' முதல் ஆண்டில் 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்தாண்டுகளில் 50 சதவீதம் வரை ஏறும். சின்னக் கீறலுக்கெல்லாம் கிளைம் செய்து இதை இழப்பது நஷ்டக் கணக்கு.

உண்மையான சிக்கல் பாலிசியே இல்லாத வண்டிகள். நாட்டில் ஓடும் 18 கோடி வண்டிகளில் சுமார் 6 கோடிக்குத்தான் தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்ற தகவல் 2018-ல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. கோவை எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கு அது. அதன் விளைவாக, அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூன்று ஆண்டு தேர்ட் பார்ட்டி பிரீமியத்தை மொத்தமாகக் கட்டவேண்டும் என்றானது. இதிலும் ஒரு வழுக்கல்: மூன்றாண்டு பாலிசி இருப்பதாக நம்பியவர்கள், ஓராண்டில் காலாவதியான ஓன் டேமேஜ் பாலிசியை ஒர்க்ஷாப்பில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

இன்ஷூரன்ஸ் இல்லாமல் முதல்முறை பிடிபட்டால் அபராதம் 2,000 ரூபாய்; மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. அபராதத்தை மட்டும் பார்த்தால் சின்னக் காரின் பிரீமியத்தைவிட 94 ரூபாய் குறைவு! ஆள் இறந்தால் நஷ்டஈடு பல லட்சம். பாலிசி இல்லையென்றால் அது சொந்தக்காரர் தலையில். அவரிடம் பணம் இல்லையென்றால், இறந்தவர் குடும்பத்திடம் மிஞ்சுவது தீர்ப்பு நகல்தான்.

யார் சொந்தக்காரர் என்பதிலும் வில்லங்கம் உண்டு. பல கைகள் மாறிய ஒரு காரின் விபத்து வழக்கில், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விற்றவர் எப்போதோ காசு வாங்கி ஒதுங்கியிருந்தார். வாங்கியவர் 14 நாட்களுக்குள் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கவேண்டும். போனஸ் மட்டும் விற்றவருக்கே சொந்தம், அதை அடுத்த காருக்குக் கொண்டுபோகலாம். ஆனால் படிவம் 29, 30-ல் வெறும் கையெழுத்துப் போட்டு புரோக்கரிடம் நீட்டிவிட்டு வேறு மாநிலத்துக்கு மாற்றலாகிப் போகிறவர்கள் ஏராளம். யாரோ ஓட்டிய காருக்காக டிரிப்யூனல் நோட்டீஸ் அவர்களைத் தேடித்தான் வரும்.