கப்பல் அதிகாரி ஆகணுமா? ஏஜெண்டிடம் பணம் கொடுக்கும் முன்பு இதைப் படிங்க!

சென்னை,

"பையனை கப்பல்ல ஏத்தி விடுறது என் பொறுப்பு. சில லட்சம் மட்டும் ரெடி பண்ணுங்க" என்று வீடு தேடி வரும் ஏஜெண்டுகள் உண்டு. டாலரில் சம்பளம் என்றதும் நகையை அடகு வைத்தாவது பெற்றோர் பணத்தைப் புரட்டிக் கொடுத்து விடுகிறார்கள். கடைசியில் பணமும் போய், வேலையும் கிடைக்காமல் பையன் வீட்டில் உட்கார்ந்திருப்பதுதான் மிச்சம்.

கப்பல் அதிகாரி ஆக நேர்வழி எது? ஏமாற்றுவது எந்த இடத்தில்? விவரம் வருமாறு:-

என்ன வேலை?

கப்பலை சரியான பாதையில் செலுத்துபவர்தான் நேவிகேஷன் ஆபீசர். பொதுவாக 4 மணி நேரம் டூட்டி, 8 மணி நேரம் இடைவெளி என்று ஒரு நாளைக்கு 2 முறை கண்காணிப்பு பணி இருக்கும். ரேடார், எலெக்ட்ரானிக் வரைபடம் எல்லாம் இருந்தாலும் கண்ணால் பார்ப்பதும் கட்டாயம்.

இரவில் கப்பலின் இடது பக்கம் சிவப்பு விளக்கும், வலது பக்கம் பச்சை விளக்கும் எரியும். எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்பதை இதை வைத்துத்தான் சொல்ல முடியும். அதனால் நிறக்குருடு உள்ளவர்களுக்கு இந்த வேலை கிடையாது. பணம் கட்டுவதற்கு முன்பே கண் பரிசோதனை செய்து கொள்வது நல்லது.

என்ன படிக்கணும்?

பிளஸ்-2வில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்து சராசரி 60 சதவீத மார்க் வாங்கி இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் 50 சதவீதம் தேவை. பெண்களும் சேரலாம். சென்னையை தலைமையிடமாகக் கொண்ட இந்திய கடல்சார் பல்கலைக்கழகம் நடத்தும் நுழைவுத்தேர்வை எழுத வேண்டும்.

அதன் பிறகு 2 வழிகள். ஒன்று, 1 வருட டிப்ளமோ (டி.என்.எஸ்.). மற்றொன்று 3 வருட பி.எஸ்சி. நாட்டிக்கல் சயின்ஸ். டிப்ளமோ முடித்தவர்கள் 18 மாதமும், பி.எஸ்சி. முடித்தவர்கள் 12 மாதமும் கப்பலில் 'கேடட்' ஆக பயிற்சி பெற வேண்டும். பிறகு 'செகண்ட் மேட்' தேர்வில் ஜெயித்தால்தான் 3-வது அதிகாரி வேலை. அடுத்தடுத்த தேர்வுகளை எழுதி கேப்டன் வரை போகலாம்.

எங்கே ஏமாறுகிறார்கள்?

கப்பலில் கேடட் பயிற்சி இடம் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. டிப்ளமோவில் சேரும்போதே ஒரு கப்பல் கம்பெனியின் 'ஸ்பான்சர்ஷிப்' கடிதம் இருக்க வேண்டும். இந்த கடிதத்தை வைத்துத்தான் போலி ஏஜெண்டுகள் வசூல் வேட்டை நடத்துகிறார்கள்.

கல்லூரிக்கு படிப்புக் கட்டணம் கட்டுவது வேறு. கப்பலில் வேலை வாங்கித் தர கமிஷன் கேட்பது வேறு. கப்பல் வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சிகள், வேலை தேடுபவரிடம் அதற்காக பணம் வாங்கக்கூடாது என்பது சட்டம். கேட்டாலே அங்கே ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

இன்னொரு தந்திரமும் உண்டு. 10-ம் வகுப்பு படித்தவர்கள் சேரும் 6 மாத 'ஜி.பி. ரேட்டிங்' பயிற்சியைக் காட்டி "ஆபீசர் ஆகலாம்" என்பார்கள். அது சாதாரண மாலுமி வேலைக்கான பயிற்சி. அதை முடித்ததும் நேராக அதிகாரி ஆகிவிட முடியாது.

எப்படி சரி பார்ப்பது?

ஏஜென்சிக்கு 'ஆர்.பி.எஸ்.எல்.' லைசென்ஸ் இருக்க வேண்டும். லைசென்ஸ் பெற்றவர்கள் பட்டியலும், அங்கீகாரம் பெற்ற கல்லூரிகள் பட்டியலும் மும்பையில் உள்ள கப்பல் போக்குவரத்து தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் இருக்கின்றன. பட்டியலில் பெயர் இல்லை என்றால், எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாலும் பைசா கொடுக்காதீங்க. கடிதம் காட்டினால், அந்த கம்பெனிக்கே நேரடியாக போன் போட்டு கேட்டு விடுங்க. அந்த ஒரு போன் உங்க வீட்டு நகையை காப்பாற்றும்.