நியாய விலையில் பழைய சாடிகள்

கோடைக்காலம் முடியும் தறுவாயில் அமெரிக்கச் சிற்றூர்களின் வீட்டுத் தோட்டங்களில் தக்காளி, வெள்ளரி, பச்சை அவரை, பீச் பழம் ஆகியவை மிகுதியாக விளைந்திருக்கும். பனிக்காலம் வந்துவிட்டால் பெரும்பாலான தோட்டங்கள் வெறுமையாகிவிடும். ஆகவே, விளைச்சல் உள்ளபோதே காய்கனிகளைக் கண்ணாடிச் சாடிகளில் இட்டு, சூடேற்றி, காற்றுப் புகாமல் மூடிச் சேமிக்கும் வழக்கம் அங்குப் பல குடும்பங்களில் உண்டு. தமிழர் இல்லங்களில் ஊறுகாயை உப்பும் எண்ணெயும் காக்கின்றன. அங்கோ, உணவைக் காப்பவை வெப்பமும் இறுக்கமான மூடியுமே ஆகும்.

இம்முறை பிரான்சு நாட்டில் தோன்றியது. நிக்கோலா அப்பேர் என்னும் சமையற்கலைஞர், கண்ணாடிப் புட்டிகளில் உணவை அடைத்துக் கொதிநீரில் சூடேற்றினால் அது நெடுநாள் கெடாமல் இருப்பதைக் கண்டறிந்தார். தம் முறையை 1810-ஆம் ஆண்டில் நூலாகவும் வெளியிட்டார். பின்னர், 1858-ஆம் ஆண்டில் ஜான் மேசன் என்னும் அமெரிக்கர், திருகி மூடத்தக்க கழுத்துடைய சாடிக்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் இவ்வகைச் சாடிகள் ‘மேசன் சாடி’ என்றே அழைக்கப்படுகின்றன.

புதிய சாடிகளையும் கலன்களையும் ஒரே நேரத்தில் வாங்கினால் செலவு கூடும். எனவே, பலர் பழைய பொருள்களை நாடுகின்றனர். வீட்டு முற்றத்தில் நடைபெறும் விற்பனைகளிலும் அறநிறுவனக் கடைகளிலும் இவை கிடைக்கும். கண்ணாடி எளிதில் தேய்வதில்லை. நன்கு பேணினால் பல ஆண்டுகள் உழைக்கும். ஆயினும், ‘ஆழம் அறியாமல் காலை விடாதே’ என்பது இங்கும் பொருந்தும்.

முதலில், சாடியின் வாய் விளிம்பை மெல்ல விரலால் தடவிப் பார்க்க வேண்டும். சிறு சில்லு பெயர்ந்திருந்தாலும் மூடி சரியாக ஒட்டாது. காற்று உள்ளே புகுந்துவிடும். அடுத்து, சாடியை வெளிச்சத்தில் பிடித்து விரிசல் உண்டா எனக் கவனிக்க வேண்டும். விரிசலுள்ள சாடி, சூடேறும்போது உடைந்துவிடக்கூடும். கடையில் வாங்கிய மயோனைஸ் முதலியவை வந்த சாடிகளும் சில வேளைகளில் இவற்றோடு கலந்திருக்கும். அவை மிகுந்த அழுத்தத்தைத் தாங்குவதற்கெனச் செய்யப்பட்டவை அல்ல.

மூடியைப் பொறுத்தவரை விதி வேறு. இக்காலச் சாடிகளின் மூடி இரண்டு பகுதிகளைக் கொண்டது. ஒன்று தட்டையான தகடு. மற்றொன்று அதை இறுக்கிப் பிடிக்கும் திருகு வளையம். துருப்பிடிக்காத வளையத்தை மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். தகட்டையோ ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டும். ஆகவே, பழைய சாடி வாங்குவோர் புதிய தகடுகளுக்கான செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். தகடும் வளையமும் சேர்ந்த 12 புதிய சாடிகளின் விலை 18 டாலர் என்றும், 12 தகடுகளின் விலை மட்டும் 6 டாலர் என்றும் வைத்துக்கொள்வோம். ஒருவர் வளையங்களுடன் கூடிய 12 பழைய சாடிகளை 12 டாலருக்கு விற்கிறார். பார்த்த மாத்திரத்தில் இது மலிவாகத் தோன்றும். ஆனால், அவற்றுள் இரண்டின் விளிம்பு சேதமடைந்துள்ளது. எஞ்சிய பத்துச் சாடிகளுக்குப் புதிய தகடுகள் வாங்க 5 டாலர் தேவை. ஆக மொத்தம் 17 டாலர்! பத்துப் புதிய சாடிகளின் விலையோ 15 டாலர்தான். பழைய பொருளுக்குப் புதியதைவிடக் கூடுதலாகச் செலவழிப்பது சிக்கனமாகாது. அதே சாடிகளை 5 அல்லது 6 டாலருக்கு வாங்கினால் அது நல்ல பேரம் எனலாம்.

சாடியைவிடக் கூடுதல் கவனம் அழுத்தக் கலனுக்குத் தேவை. பெரும்பாலான பழங்களும் காடியில் ஊறிய காய்களும் புளிப்புத் தன்மை உடையவை. அவற்றைப் பதப்படுத்தக் கொதிநீரே போதும். அவரை, சோளம், இறைச்சி போன்றவற்றில் புளிப்புக் குறைவு. அவற்றில் ‘கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம்’ என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் 100 பாகை செல்சியஸ் கொதிநீரிலும் பிழைத்திருக்கும். காற்றில்லாத சாடிக்குள் அவை வளர்ந்து கொடிய நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சை நிறத்தாலோ மணத்தாலோ அறிய முடியாமல் போகலாம். ஆகவே, இவ்வுணவுகளை அழுத்தக் கலனில் ஏறத்தாழ 116 பாகை செல்சியசுக்கு மேல் சூடேற்றுவது கட்டாயம்.

பழைய கலனின் அழுத்தமானி தவறான அளவைக் காட்டினால், உள்ளே போதிய வெப்பம் உண்டாகாமல் போகலாம். முள் நகரும் அழுத்தமானியை ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்பது வல்லுநர்களின் அறிவுரை. அமெரிக்காவின் பல மாவட்டங்களில் வேளாண் விரிவாக்க அலுவலகங்கள் இதற்கு உதவுகின்றன. மேலும், மூடி சரியாகப் பூட்டுகிறதா, அடிப்பகுதி வளையாமல் உள்ளதா, ரப்பர் வளையம் காய்ந்து வெடித்துள்ளதா, உதிரிப் பாகங்கள் இன்னும் விற்பனையில் உள்ளனவா என்பனவற்றையும் ஆராய வேண்டும். மாற்ற வேண்டிய பாகங்களின் விலையைக் கழித்த பின்னரே கலனின் நியாய விலை தெரியும். சில டாலர்களை மிச்சப்படுத்தக் குடும்பத்தின் உடல்நலத்தைப் பணயம் வைப்பது, கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவது போன்றதாகும்.

சில சாடிகளில் ‘1858’ என்னும் ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். அது காப்புரிமை பெற்ற ஆண்டே தவிர, சாடி செய்யப்பட்ட ஆண்டன்று. அதற்குப் பின்பும் பல்லாண்டுகள் அதே எழுத்துகளுடன் சாடிகள் தயாரிக்கப்பட்டன. எனவே, அந்த எண்ணை மட்டும் நம்பிப் பெரும் விலை கொடுக்கத் தேவையில்லை. அரிய நிறமுடைய உண்மையான பழஞ்சாடிகளைச் சேகரிப்போர் நல்ல விலைக்கு வாங்குவதும் உண்டு. அவை பார்வைக்கு உரியவை. சமையலுக்கு உரியவை அல்ல.

காலமும் விலையை மாற்றும். 2020-ஆம் ஆண்டில் கோவிட் பெருந்தொற்றின்போது பலர் வீட்டிலேயே உணவைப் பதப்படுத்தத் தொடங்கினர். அதனால் அமெரிக்காவில் சாடி மூடிகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது, விலையும் ஏறியது. தேவை குறைந்த காலத்தில் நிதானமாகத் தேடுவோருக்கே பேரம் படியும்.

நியாய விலை என்பது வாங்குபவருக்கு மட்டும் இலாபம் தருவதன்று. முதியவர் ஒருவர் தம் வீட்டைக் காலி செய்யும்போது அரிய சாடியின் மதிப்பை அறியாமல் சில காசுகளுக்கு விற்க முன்வரலாம். அதை எடுத்துச் சொல்வதே நேர்மை. அவ்வாறே, பழுதான கலனை விற்பவரும் அதன் குறையை மறைக்கக்கூடாது. பொருளின் தரத்தை இருவரும் அறிந்து, இருவரும் மனநிறைவுடன் ஒப்புக்கொள்ளும் விலையே நியாயமான விலையாகும்.