மருந்தடிப்பு வகுப்பு எடுக்கப் போகிறீர்களா?



மருந்தடிப்பவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு என்றால், அவர்களிலேயே அனுபவமுள்ள ஒருவரைக் கூப்பிட்டு, "நாளைக்குப் பெரட்டுல நீயே நாலு வார்த்தை சொல்லு" என்று நிறுத்திவிடுவது உண்டு. அந்த ஒருவர் நீங்களாகவும் இருக்கலாம். பயம் வேண்டாம், மேடைப் பேச்சு தெரிய வேண்டியதில்லை. ஆனால் முதல் நாளே தயாராக வேண்டும். வெறும் தாளை வாசித்தால் கேட்பவர்கள் கொட்டாவி விடுவார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்காட்டுக்குப் போய்விடுவார்கள்.

ஒரு வகுப்பு, ஒரு பாடம்

எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லாதீர்கள். முதல் வகுப்புக்கு இந்த ஒன்று போதும்: மருந்து தோலில் படக்கூடாது. வாய்வழியாக மட்டுமே விஷம் ஏறும் என்று பலர் நினைக்கிறார்கள். மருந்தடிப்பவருக்குப் பெரும்பாலும் தோல்வழியாகத்தான் ஏறுகிறது.

நேரம் காலையாக இருக்கட்டும். வேலை முடிந்து, மருந்து நாற்றத்தோடும் பசியோடும் நிற்பவரிடம் எதைச் சொன்னாலும் ஏறாது. அரை மணி நேரம் போதும். முதல் நாள் இரவே வீட்டில் சம்சாரத்திடமோ பிள்ளைகளிடமோ ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். அவர்களுக்குப் புரியாதது பெரட்டிலும் புரியாது.

வாயால் சொல்வதைக் கண்ணுக்குக் காட்டுங்கள்

மருந்தே ஊற்றாத புதுப் பம்பு ஒன்றை ஸ்டோரில் கேட்டு வாங்குங்கள். அதில் நல்ல தண்ணீர் ஊற்றி, கேசரிக்குப் போடும் கலரைக் கலந்துவிடுங்கள். ஒருவருக்குப் பழைய வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை மாட்டி, காற்றை எதிர்த்துக் கொஞ்ச நேரம் அடிக்கச் சொல்லுங்கள். பிறகு எல்லாரும் சுற்றி நின்று பார்க்கட்டும். முழங்காலில், மார்பில், கை மடிப்பில் எங்கெல்லாம் கலர் பட்டிருக்கிறது என்று அவர்களே சொல்லட்டும். அடுத்து காற்று வீசும் பக்கமாக அடிக்கச் சொல்லி, வித்தியாசத்தைக் காட்டுங்கள்.

அந்தச் சட்டையை வீட்டில் துவைப்பது யார் என்றும் கேளுங்கள். மருந்தடித்த துணியைப் பிள்ளைகள் துணியோடு ஏன் சேர்க்கக் கூடாது என்பதற்குப் பிறகு விளக்கமே தேவைப்படாது.

வகுப்பு தொடங்கும்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 15 நிமிடம் ஆனதும் நிறுத்தி, "கண்ணுல மருந்து தெறிச்சா, நான் பேச ஆரம்பிச்சதிலிருந்து இதுவரைக்கும் தண்ணி ஊத்திக் கழுவணும், அப்புறம் கிளினிக்குக்கு ஓடணும்" என்று சொல்லுங்கள். அரை நிமிடம் கழுவிவிட்டு வேலையைப் பார்ப்பவருக்கு அப்போதுதான் உறைக்கும்.

இந்தோனேசிய, வங்காளதேச, நேப்பாளத் தோழர்கள் இருந்தால் நாலு மலாய் வார்த்தை போதும். கையுறையைக் கழற்றுமுன் அதைச் சோப்புப் போட்டுக் கழுவுவதை ஒவ்வொருவரையும் செய்துகாட்டச் சொல்லுங்கள். தலையாட்டுவதை நம்பாதீர்கள், கை செய்வதைப் பாருங்கள்.

கேள்விகளுக்குத் தயாராகுங்கள்

"பாரகுவாட்டைத்தான் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை பண்ணிட்டாங்களே, இனி என்ன பயம்?" என்று ஒருவர் கேட்பார். மற்றவையும் விஷம்தான். போத்தல் லேபிளில் உள்ள வண்ணப் பட்டையைக் காட்டுங்கள். கறுப்பும் சிவப்பும் மிகக் கொடியவை. பிறகு மஞ்சள், நீலம், வெள்ளை. வெள்ளைப் பட்டை என்பதற்காக வெறும் கையால் தொடலாம் என்று அர்த்தமில்லை. போத்தலைத் தூக்கி வரவேண்டாம். லேபிளைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வந்தால் போதும்.

அடுத்த கேள்வி கட்டாயம் வரும்: "கையுறை கிழிஞ்சு கிடக்கு, பம்பு முதுகுல ஒழுகுது. நீங்க பாடம் நடத்துறீங்களா?" கோபப்படாதீர்கள். அவர் கேட்பது நியாயம். பாதுகாப்புச் சாமான் கொடுப்பதும், பயிற்சி கொடுப்பதும் முதலாளியின் கடமை என்று 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது. அதற்காகத் தொழிலாளியிடம் காசு பிடிக்கவும் கூடாது.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு போங்கள். யாருடைய பம்பு ஒழுகுகிறது, யாருக்குக் கையுறை இல்லை, எந்த இடத்தில் கழுவத் தண்ணீர் இல்லை என்று அங்கேயே எழுதுங்கள். தேதி போட்டு ஒரு பிரதி நிர்வாகத்துக்கு, ஒரு பிரதி தோட்டக் கிளைத் தலைவருக்குக் கொடுங்கள். இது இல்லாவிட்டால் வகுப்பில் மிஞ்சுவது கையெழுத்துத் தாள் மட்டும்தான். நாளை ஒருவருக்கு ஏதாவது ஆனால், "அவனுக்குத்தான் சொல்லிக் கொடுத்தாச்சே" என்று அந்தத் தாளையே அவருக்கு எதிராக நீட்டுவார்கள்.

தோழர்களே! வகுப்பு நன்றாக நடந்ததா என்று தெரிய வேண்டுமா? ஒரு வாரம் கழித்து வேலைக்காட்டுக்குப் போய்ப் பாருங்கள். காற்றைப் பார்த்து நிற்கிறார்களா, கழுவிவிட்டு வெற்றிலை போடுகிறார்களா, ஒழுகிய பம்பு மாறியிருக்கிறதா? மாறியிருந்தால் நீங்கள் நல்ல வாத்தியார். மாறவில்லையென்றால் நோட்டைத் தூக்கிக்கொண்டு சங்கத்துக்குப் போங்கள்.