அப்பாவின் மொழி தெசானோ, வாயில் வருவது துக்கானோ

மொழி அழிகிறது என்றால் எங்கள் நினைவுக்கு வருவது பெரிய மொழி சின்ன மொழியை விழுங்குவதுதான். வீட்டில் தமிழில் கேட்டால் பிள்ளை வேறு மொழியில் பதில் சொல்லும் காட்சியைப் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். ஆனால் ஒரு சின்ன மொழியை அதற்கு உறவுக்காரியான இன்னொரு சின்ன மொழி ஓரங்கட்டிய கதையும் உண்டு. இந்த மாதம் அதைப்பற்றிக் கதைப்போம்.

அமேசன் காட்டின் வடமேற்கு மூலையில் பிறேசிலும் கொலம்பியாவும் தொடுகிற இடத்தில் வௌபேஸ் என்று ஒரு ஆறு ஓடுகிறது. அதிலும் பப்பூரி, திக்கியே என்ற கிளை ஆறுகளிலும் வாழ்கிறவர்கள் தெசானோ மக்கள். மரவள்ளி பயிரிட்டு, மீன் பிடித்துச் சீவிக்கிறவர்கள். கூடை பின்னுவதில் பெயர் எடுத்தவர்கள். மரத்தில் குடைந்து வாங்கு செய்வது பக்கத்துத் துக்கானோ மக்களின் கைவேலை. இரு நாட்டிலும் சேர்த்துத் தெசானோ மக்கள் சில ஆயிரம் பேர்தான். அந்த மொழியைக் கதைக்கிறவர்கள் அதிலும் மிகக் குறைவு. பிறேசில் பக்கத்தில் நிலைமை இன்னும் மோசம்.

இந்தப் பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட மொழிகள் உண்டு. அங்கே ஒரு கண்டிப்பான வழக்கம்: உன் மொழிக் கூட்டத்துக்குள் நீ கலியாணம் செய்யக்கூடாது. ஒரே மொழிக்காரர் எல்லோரும் அண்ணன், தம்பி, அக்கா, தங்கச்சி. பெண் எடுக்க வேறு மொழிக்காரரிடம்தான் போகவேண்டும். மாமன் மகள், மாமி மகள் என்றால் முறை சரி. சித்தப்பா மகள் என்றால் அவள் தங்கச்சி. இதைக் கேட்க எங்கள் மச்சாள் முறைபோல இருக்கிறதல்லவா? மானிடவியல் படித்தவர்கள் இந்த உறவுமுறைக்கு வைத்திருக்கும் பெயரே 'திராவிட முறை' என்பதுதான். அமேசன் காட்டு உறவுமுறைக்கு எங்கள் பெயர்!

கலியாணம் முடிந்தால் பெண் கணவனின் ஊருக்குப் போவாள். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் தாயின் மொழி ஒன்று, தகப்பனின் மொழி இன்னொன்று. சித்தி, பெரியம்மா வழியாக மேலும் இரண்டு மொழி காதில் விழும். ஆர்தர் சொரன்சன் என்ற ஆய்வாளர் 1967 இல் எழுதிய கட்டுரையில், அங்கே வளர்ந்தவர்கள் மூன்று நான்கு மொழி பேசுவது சாதாரணம் என்று காட்டினார். எத்தனை மொழி பேசினாலும் பிள்ளைக்கு உரியது தகப்பனின் மொழி.

இப்படிப் பல தலைமுறை நிலைத்த ஒழுங்கு எப்படிக் குலைந்தது?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சலேசியன் சபைப் பாதிரிமார் பிறேசில் பக்கத்துக்கு வந்தார்கள். பல குடும்பங்கள் ஒன்றாக வாழ்ந்த பெரிய நீள வீடுகளைப் பேயின் இருப்பிடம் என்று சொல்லிக் கைவிடச் செய்தார்கள். பிள்ளைகளை விடுதிப் பள்ளிக்கூடங்களில் சேர்த்தார்கள். அங்கே போர்த்துக்கேய மொழிதான் பேசவேண்டும், சொந்த மொழி பேசினால் தண்டனை. பல மொழிப் பிள்ளைகள் ஒன்றாக அடைபட்ட இடத்தில், எண்ணிக்கையில் கூடிய துக்கானோ பொதுமொழியாகப் பரவியது. 1980களில் விடுதிகள் மூடப்பட்டன. ஆனால் அங்கே வளர்ந்தவர்கள் அதற்குள் தாய் தகப்பனாகிவிட்டார்கள். ஆற்றங்கரைச் சின்ன ஊர்களை விட்டு மிசன் ஊர்களுக்குக் குடிபெயர்ந்தவர்களும் துக்கானோவுக்கே மாறினார்கள்.

இதில் என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. தெசானோ ஒரு சொல்லும் தெரியாத பிள்ளையும் அங்கே தெசானோதான், ஏனென்றால் தகப்பன் தெசானோ. பெயரும் குலமும் கலியாண முறையும் அப்படியே நிற்கின்றன. அதனால் மொழி போவது வெளியே தெரிவதில்லை, யாரும் பதறுவதுமில்லை.

என்ன போகிறது என்று கேட்பீர்கள். தெசானோவில் ஒரு செய்தியைச் சொன்னால் அது எப்படித் தெரியவந்தது என்பதையும் வினைச்சொல்லிலேயே காட்டவேண்டும். கண்ணால் பார்த்ததா, சத்தம் மட்டும் கேட்டதா, தடயத்தைப் பார்த்து ஊகித்ததா, பிறர் சொன்னதா? நாங்கள் 'வந்தானாம்' என்று ஒரு 'ஆம்' போடுகிறோமே, அதுபோலப் பல உண்டு. இந்த வசதி துக்கானோவிலும் இருக்கிறது என்பதை மறைக்கக்கூடாது. ஆனால் தெசானோ மந்திரங்கள், தோற்றக்கதைகள், அவற்றிலுள்ள பெயர்கள் துக்கானோவுக்குள் அப்படியே வந்துவிடாது.

திக்கியே ஆற்றங்கரையில் பீர்மியானோ லானா என்ற முதியவர் இதை உணர்ந்திருக்கவேண்டும். இளையவர்கள் கதைகளைப் பிழையாகப் பதிவு செய்கிறார்கள் என்ற கவலையில் அவர் தெசானோவில் சொல்ல, மகன் லூயிஸ் எழுதி, போர்த்துக்கேயத்தில் மொழிபெயர்த்தார். உலகம் தோன்றிய கதையைச் சொல்லும் அந்தப் புத்தகம் 1980 இல் வெளிவந்தது. பிறேசிலில் பழங்குடி மக்கள் தாங்களே ஆசிரியர்களாக வெளியிட்ட முதல் புத்தகம் என்று அதைச் சொல்வார்கள்.

1988 இல் பிறேசிலின் அரசியலமைப்பு பழங்குடி மொழிகளை ஏற்றுக்கொண்டது. 2002 இல் சாவோ கபிரியல் டா கசோயிரா என்ற நகராட்சி, பரப்பில் இலங்கையை விடப் பெரியது, துக்கானோ, பனிவா, நியெங்கத்து மூன்றையும் போர்த்துக்கேயத்தோடு ஆட்சிமொழிகளாக்கியது. 2017 இல் யானோமாமி சேர்ந்தது. பழங்குடி மொழிக்கு இப்படி இடம் கிடைப்பது பெரிய வெற்றி, மறுக்கமுடியாது. ஆனால் அந்தப் பட்டியலில் தெசானோ இல்லை. பள்ளிக்கூடத்திலும் அலுவலகத்திலும் துக்கானோ பலப்படப்பட, தெசானோ வீட்டுப் பிள்ளைக்கும் அதுவே வசதியாகிறது. இதற்கு யாரைக் குறைசொல்வது? துக்கானோவும் அழிவின் பயத்தில்தான் நிற்கிறது.

2012 இல் வில்சன் சில்வா என்ற மொழியியலாளர் அமெரிக்காவின் யூற்றா பல்கலைக்கழகத்தில் தெசானோவுக்கு விரிவான இலக்கணம் ஒன்றை எழுதி முடித்தார். முதியவர்களின் குரல்களும் பதிவாகியிருக்கின்றன. இனி அந்தப் பதிவுகளைக் கேட்கிற பேரப்பிள்ளைக்கு, தாத்தா சொல்வதை யாராவது துக்கானோவில் விளக்கவேண்டும்.